மரங்கவிழ்ப்பு வாரியம்

பார்சல் அக்கா பதினான்கு வருடமாக உட்கார்ந்திருந்த நாற்காலியில் உட்கார அவருக்குத் தகுதி இருக்கிறதா என்று, ஒரு செவ்வாய்க்கிழமை காலை, கம்பெனிக்குத் திடீரென்று சந்தேகம் வந்துவிட்டது.

பார்சல் அனுப்பும் கம்பெனி அது. எந்தப் பெட்டி எந்த வண்டியில் ஏறி எந்த வாசலில் இறங்க வேண்டும் என்று சொல்லும் கணினி நிரலை எழுதியவர் அக்கா. எழுதிப் போட்டுவிட்டு நகர்ந்துவிடவில்லை. பல் முளைக்கும் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது போலக் கூடவே கிடந்தார். அவருக்கும் ஒரு பெயர் இருந்தது, சம்பளப் பட்டியலில். மற்ற இடமெல்லாம் பார்சல் அக்காதான். இயக்குநரே ஒருமுறை வாய்தவறி ‘அக்கா’ என்று கூப்பிட்டுவிட்டு இருமிச் சமாளித்திருக்கிறார்.

சந்தேகம் சுற்றறிக்கை வடிவத்தில் வந்தது. பெரிய கம்பெனிகளில் எல்லாம் வேலைக்கு வருகிறவரை வெள்ளைப் பலகை முன்னால் நிறுத்தி அல்காரிதம் புதிர் போட்டுப் பார்க்கிறார்களாம். நாம்தான் வேலை தெரியுமா என்று மட்டும் பார்த்து ஆள் எடுத்து இத்தனை காலம் ஏமாந்துவிட்டோமாம். ஆகவே ‘சிந்தனைத் தகுதி வாரியம்’ அமைக்கப்படுகிறது. புதிதாக வருகிறவர், பழையவர், நிரல் எழுதுகிறவர், மூட்டை தூக்குகிறவர் என்ற பேதமில்லாமல் எல்லோருக்கும் தேர்வு. ஆளுக்கு இரண்டு வாய்ப்பு. இரண்டிலும் தவறினால் வீட்டுக்கு.

வாரியத்தில் மூன்று பேர். தலைவர் வெளியிலிருந்து வந்தவர்; தாடியை அவர் எந்தப் பக்கம் தடவுகிறார் என்பதை வைத்துக் கேள்வி எவ்வளவு கடினம் என்று சொல்லிவிடலாம். துணைத்தலைவரின் பணி, பலகையில் எழுதிய வரியின் முடிவில் அரைப்புள்ளி விட்டுப்போயிருந்தால் கண்டுபிடிப்பது. செயலாளர் கடிகாரம் பார்ப்பார். மூலையில் ஓய்வுபெற ஆறு மாதமே இருந்த தட்டச்சர் ஒருவரையும் போட்டிருந்தார்கள்.

விதிகள் முப்பத்தொன்று. எந்த மொழியிலும் நிரல் எழுதலாம் என்பது விதி. வாரியத்துக்குத் தெரிந்தது ஒரே மொழி என்பது நடைமுறை. மொழியில் தயாராக இருக்கும் எந்த வசதியையும் தொடக் கூடாது; எல்லாவற்றையும் அடியிலிருந்து தானே கட்ட வேண்டும். முக்கியமான விதி பன்னிரண்டாவது: தேர்வர் வாய்விட்டுச் சிந்திக்க வேண்டும். மனதுக்குள் சிந்தித்தால் மதிப்பெண் கிடையாது. அவர் சொல்லும் ஒவ்வொரு சொல்லும் அடித்தல் திருத்தல் இல்லாமல் தட்டச்சாகி அன்று மாலையே இயக்குநர் மேசைக்குப் போக வேண்டும்.

படுக்கைவிரிப்புக் கடை வைத்திருந்த அக்காவின் வீட்டுக்காரர் விதிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார்.

“இதென்னம்மா, கத்தரிக்கோலைப் பூட்டி வெச்சுட்டுப் பல்லால துணி கிழிக்கச் சொல்றாங்க?”

“கிழிக்கும்போது என்ன நினைக்கிறேன்னு வேற சொல்லணுமாங்க.”

“வாயில துணி இருக்கும்போதா?”

முதலில் மாட்டியவர் சுமை ஏற்றும் பகுதியில் ‘மலை’ என்று அழைக்கப்படும் ஆள். எண் போட்ட ஏழு பெட்டிகளைக் கலைத்து வைத்து வரிசைப்படுத்தச் சொன்னார்கள். மலை ஒன்றாம் எண்ணைத் தூக்கி முதலில் வைத்தார், இரண்டைத் தூக்கிப் பக்கத்தில் வைத்தார், அரை நிமிடத்தில் கையைத் தட்டிக்கொண்டு நின்றார்.

“தவறு,” என்றார் தலைவர். “பக்கத்துல பக்கத்துல இருக்கற ரெண்டு பெட்டியை மட்டும்தான் இடம் மாத்தணும். அப்படியே மாத்தி மாத்திக் கொண்டுவரணும்.”

“எதுக்குங்க? கை இருக்கே.”

“கை இருக்குங்கறது உங்க அனுமானம். அனுமானத்தை ஆரம்பத்திலேயே அறிவிச்சிருக்கணும்.”

அடுத்து ஓட்டுநர் ‘ஹாரன்’. நாற்பது ஊர், ஒவ்வொன்றுக்கும் ஒரே தடவை போய்த் திரும்ப வேண்டும், மிகக் குறைந்த தூரம் எது என்பது கேள்வி.

“எந்த மாசம் சார்?”

“மாசம் எதுக்கு?”

“மழைன்னா பாலத்தை மூடிடுவாங்க.”

“பாலம் கேள்வியில இல்லை.”

“கேள்வியில இல்ல சார். ஆத்துல இருக்கு.”

ஹாரனுக்குப் பூஜ்யம். பாலத்தைக் குறிப்பிட்டதற்காக மேலும் இரண்டு மதிப்பெண் குறைக்கப்பட்டதால் பூஜ்யத்துக்கும் கீழே போன முதல் ஓட்டுநர் என்ற பெயரும் கிடைத்தது.

அக்காவின் முறை வியாழக்கிழமை. காத்திருப்பு அறையில் நாற்பது நிமிடம் உட்கார வைத்த பிறகு உள்ளே கூப்பிட்டார்கள். பலகையில் வட்டங்கள் போட்டுக் கோடுகளால் இணைத்திருந்தது. உச்சியில் ஒன்று, அதற்குக் கீழே இடமும் வலமுமாக இரண்டு, அவற்றுக்குக் கீழே நான்கு. கணினிக்காரர்கள் இதை மரம் என்பார்கள்.

“இந்த மரத்தை இடம் வலமாக் கவிழ்க்கணும். இருபது நிமிஷம்,” என்றார் தலைவர்.

கொடுத்த மூன்று மார்க்கர்களும் காய்ந்திருந்தன. நான்காவதைத் தேடி எடுக்க ஏழு நிமிடம் ஆனது. கடிகாரம் அதற்காக நிற்கவில்லை.

“ஒரு சந்தேகம் சார். இதைக் கவிழ்க்கறது எதுக்கு?”

அறையில் ஒரு பரிதாபம் பரவியது. தலைவர் தாடியை இடப்பக்கம் தடவினார்.

“மேடம், எதுக்குன்னு கேக்கறது வேலை செய்யறவங்க புத்தி. நாங்க வேலை தெரிஞ்சவங்களைத் தேடலை. வேலையே இல்லாத இடத்துலயும் வேகமா வேலை செய்யறவங்களைத் தேடறோம். நானே பதினெட்டு வருஷத்துல ஒரு மரத்தைக்கூட நிஜமாக் கவிழ்த்ததில்லை. ஆனா இந்த நிமிஷம் கேட்டாலும் கவிழ்ப்பேன்.”

தட்டச்சர் டக் டக்கென்று அடித்துக்கொண்டார்.

அக்கா எழுத ஆரம்பித்தார். பாதியில் கைப்பேசி அடித்தது. சரக்குக் கொட்டகையிலிருந்து அழைப்பு: பதினைந்து வண்டிகள் தவறான வாசலில் முட்டிக்கொண்டு நிற்கின்றனவாம். “மூணாம் கேட்டைத் திறந்து உள்ள விடுங்க, நான் பட்டியலை மாத்தறேன்,” என்று பத்து விநாடியில் முடித்துவிட்டுத் திரும்பினார். கடைசி வட்டம் கவிழ்ந்தபோது இருபத்திரண்டு நிமிடம் ஆகியிருந்தது. விடை சரி. அரைப்புள்ளி ஒன்று குறைகிறது என்று துணைத்தலைவர் எழுந்து நின்று அறிவித்தார்.

மறுநாள் கடிதம் வந்தது, தலைவர் கையொப்பத்தோடு. ‘தேர்வு நேரத்தில் வேலை பார்த்தார்’ என்பது முதல் குற்றச்சாட்டு. ‘காரணம் கேட்டார்’ இரண்டாவது. தங்கள் நாற்காலியில் தாங்கள் காட்டிய ஆர்வத்துக்கு நன்றி, இரண்டாவது வாய்ப்பு மூன்று வாரம் கழித்து, அதுவரை நிரலைத் துணைத்தலைவர் கவனித்துக்கொள்வார் என்று முடிந்திருந்தது.

துணைத்தலைவர் கவனித்தார். கவனித்தவர் முகம் சுளித்தார். அக்காவின் நிரலில் அங்கங்கே ஒட்டுப் போட்ட மாதிரி வரிகள்: மழை என்றால் பாலத்தைத் தவிர், மருத்துவமனைப் பெட்டியைப் பின்வாசலுக்கு அனுப்பு, பச்சைக் கதவு வீட்டில் நாய் இருக்கிறது, ஹார்ன் அடித்துவிட்டு இறங்கு. பதினான்கு வருடத்தில் சேர்ந்த நானூறு வரி. எல்லாம் அசிங்கம் என்று துணைத்தலைவர் ஒரே மத்தியானத்தில் வழித்துப் போட்டார். புது நிரல் பதினொரு வரி. கண் இமைக்கும் நேரத்தில் ஓடி முடிந்து, அன்றைய பெட்டிகள் அத்தனையையும் ஒரே வண்டிக்கு ஒதுக்கியது.

வாடிக்கையாளர்கள் கத்தினார்கள். மருத்துவமனைக்குப் போக வேண்டிய மருந்துப் பெட்டி ஒரு சலூனுக்குப் போயிற்று. தலைவர் ஊழியர்களைக் கூட்டிப் பேசினார்:

“பழைய புரோகிராம் ஒரு பெட்டியைச் சரியான வீட்டுக்கு அனுப்ப ரெண்டு விநாடி எடுத்துது. இது தப்பான வீட்டுக்கு அனுப்ப அதுல நூத்துல ஒரு பங்குகூட எடுக்கலை. இதுக்குப் பேர்தான் முன்னேற்றம். பெட்டி எங்க போகுதுங்கறது விவரம். விவரத்தை அப்புறம் பார்த்துக்கலாம்.”

அக்கா அந்த மூன்று வாரமும் வீட்டில் படித்தார். எண்பது புதிர், நூறு புதிர், நூற்றைம்பது. வீட்டுக்காரர் கடையில் விரிப்பு மடித்துக்கொண்டே கேள்விச் சீட்டைப் படிப்பார். அக்கா பதில் சொல்வார். மருந்துப் பெட்டி சமாசாரம் காதுக்கு வந்த அன்று அக்கா சீட்டை வாங்கிக் கீழே வைத்தார்.

“எனக்கு நாற்காலி திரும்பி வந்தா மட்டும் போதாதுங்க.”

“பின்ன?”

“அந்த மூணு பேரும் கையும் காலும் வலிக்க நிக்கணும். நான் உட்கார்ந்து பார்க்கணும்.”

வீட்டுக்காரர் விரிப்பின் நான்கு முனையையும் சேர்த்துப் பிடித்து ஒரு உதறு உதறினார். “அப்ப அவங்க போடற கேள்வியைப் படிச்சுப் பிரயோஜனம் இல்ல. சரக்கு கொண்டுவர்றவன் எவ்வளவு வாய் பேசினாலும் நான் முதல்ல கட்டுல இருக்கற முத்திரையைத்தான் பார்ப்பேன். யார் போட்டது, என்னைக்குப் போட்டது. உன்னை அளக்கறாங்களே, அவங்களை அளந்தது யாரு?”

அக்கா விதிப் புத்தகத்தை மறுபடி எடுத்தார். ஏழாவது விதி: வாரியத்திடம் தகுதிச் சான்று பெறாத எவரும் பிறருக்குச் சான்று அளிக்க முடியாது, எந்த நிரலையும் தொட முடியாது.

இரண்டாம் தேர்வு நாளன்று அக்கா ஒரு மணி நேரம் முன்னதாகவே போனார். காத்திருப்பு அறைச் சுவரில் வாரியத்தார் மூவரின் சான்றிதழ்களும் தங்க நிறச் சட்டம் போட்டு மாட்டியிருந்தன. எல்லோரும் சட்டத்தைப் பார்த்துப் பயந்துவிட்டு உட்கார்ந்துகொள்வார்கள். அக்கா நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, விலை கேட்பதற்கு முன் தையலைப் பிரித்துப் பார்ப்பவர் மாதிரி, அடியிலிருந்த சின்ன எழுத்தை ஒரு வரி விடாமல் படித்தார். இறங்கும்போது முகம் ரொம்ப அமைதியாக இருந்தது.

உள்ளே தலைவர் தாடியை இரு பக்கமும் தடவினார். கடினமான கேள்வி.

“ஒரு சங்கிலி. ஒவ்வொரு கண்ணியும் அடுத்த கண்ணியைக் காட்டும். சில சங்கிலி ஒரு இடத்துல முடியும். சிலது முடியாம, ஏற்கனவே வந்த கண்ணிக்கே திரும்பி வந்து சுத்திக்கிட்டே இருக்கும். கொடுத்த சங்கிலியில சுழல் இருக்கா இல்லையா? எழுதி வெச்சுப் பார்க்கறதுக்கு இடம் கிடையாது. இருபது நிமிஷம்.”

“நிரலை எழுதிட்டு, ஒரு உதாரணம் எடுத்து ஓட்டிக் காட்டலாமா சார்?”

“தாராளமா. எந்த உதாரணம் வேணும்னாலும் எடுங்க. வாய்விட்டுச் சிந்திக்கணும், அவ்வளவுதான்.”

அக்கா பலகையில் எட்டு வரி எழுதினார். எட்டிலும் அரைப்புள்ளி இருந்தது. துணைத்தலைவர் இரண்டு முறை எண்ணிப் பார்த்து வருத்தப்பட்டார்.

“ரெண்டு பேரைச் சங்கிலியில நடக்க விடறேன்,” என்று அக்கா சத்தமாகச் சிந்தித்தார். “ஒருத்தர் ஒவ்வொரு கண்ணியா நடப்பார். இன்னொருத்தர் ரெண்டு ரெண்டாத் தாண்டுவார். சங்கிலி முடிஞ்சா வேகமானவர் முதல்ல சுவத்துல முட்டுவார். சுழல் இருந்தா எங்கேயாவது ரெண்டு பேரும் ஒண்ணா வந்து நிப்பாங்க.”

“அருமை,” என்றார் தலைவர்.

“இப்ப உதாரணம். முதல் கண்ணி, நான் தோத்துட்டேன்னு எனக்கு வந்த கடிதம். ஒவ்வொரு கண்ணியும் தன்னைச் செல்லுபடியாக்கினவரைக் காட்டணும். கடிதத்துல கையொப்பம் தலைவர். தலைவருக்குத் தகுதிச் சான்று கொடுத்தது யாருன்னு வெளிய சுவத்துல போட்டிருக்கு: துணைத்தலைவர்.”

தட்டச்சரின் விரல்கள் ஒரு கணம் நின்று, பிறகு முன்னைவிட வேகமாக ஓடின.

“துணைத்தலைவருக்குக் கொடுத்தது செயலாளர். செயலாளருக்குக் கொடுத்தது…” அக்கா மார்க்கரைத் திருப்பிக் கோட்டை மேலே கொண்டுபோனார். “தலைவர்.”

“மேடம், இந்த உதாரணம் அவசியமா?”

“எந்த உதாரணமும் எடுக்கலாம்னீங்களே சார். ஓட்டறேன். ரெண்டு பேரும் கடிதத்துல நிக்கறாங்க. முதல் அடி: மெதுவானவர் தலைவர்கிட்ட, வேகமானவர் துணைத்தலைவர்கிட்ட. ரெண்டாவது: மெதுவானவர் துணைத்தலைவர்கிட்ட, வேகமானவர் செயலாளரைத் தாண்டித் தலைவர்கிட்ட. மூணாவது: மெதுவானவர் செயலாளர்கிட்ட. வேகமானவரும் தாண்டி வந்து செயலாளர்கிட்டயே நிக்கறார். சேர்ந்துட்டாங்க. சுழல் இருக்கு. வெளியிலிருந்து ஒரு ஆள்கூட இவங்களை அளக்கலை. மூணு சான்றுக்கும் தேதி ஒண்ணு, நேரம் ஒண்ணு, காலை பத்து மணி. பத்து மணிக்கு முன்னாடி மூணு பேர்கிட்டயும் சான்று இல்ல. சான்று இல்லாதவர் சான்று கொடுத்தா அது வெறும் காகிதம்னு ஏழாவது விதி. அதனால மூணும் காகிதம். அவங்க எங்களுக்குக் கொடுத்த முடிவெல்லாமும் காகிதம்.”

தலைவர் தட்டச்சர் பக்கம் திரும்பினார். “அதை அடிச்சுடுங்க.”

“அடிச்சுட்டேன் சார், கடைசிச் சொல் வரைக்கும்.”

“நீக்குங்கன்னு சொல்றேன்!”

“பன்னிரண்டாவது விதி சார். நீக்கக் கூடாது. நீங்க இப்ப சொன்னதையும் சேர்த்துக்கறேன்.”

செயலாளர் பழக்க தோஷத்தில் மணியை அடித்து, “பதினாறு நிமிஷம், விடை சரி,” என்றார். மற்ற இருவரும் அவரைப் பார்த்த பார்வையில் அவர் கடிகாரத்தைக் கழற்றிப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

மறுநாள் காலை இயக்குநர் அக்காவைக் கூப்பிட்டார். கொட்டகையில் மூன்று நாள் பெட்டிகள் கூரையைத் தொட்டுக்கொண்டிருந்தன. தட்டச்சர் அடித்த குறிப்பைப் படித்துவிட்ட கம்பெனி வக்கீல், ஏழாவது விதிப்படி இந்தக் கம்பெனியில் நிரலைத் தொட ஒரு உயிருக்கும் தகுதியில்லை என்று சொல்லிவிட்டார்.

“அக்கா,” என்றார் இயக்குநர். இந்த முறை இருமவில்லை. “பழைய புரோகிராமை ஏத்திடுங்க.”

“எனக்குத் தகுதி இல்லியே சார். கடிதம் இருக்கு, காட்டட்டுமா?”

“உங்க நாற்காலி உங்களுக்குத்தான்.”

“மலை, ஹாரன், தோத்து வீட்டுல உட்கார்ந்திருக்கற இன்னும் இருபத்தாறு பேர்?”

“எல்லாரும் திரும்ப வரட்டும்.”

கேட்டவுடன் படிந்துவிட்டார் இயக்குநர். பேரம் பேசும் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டவருக்கு அது போதும். இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்று அக்கா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

“வாரியத்தையும் கலைச்சுடறேன்,” என்றார் இயக்குநர் தானாகவே.

“ஐயையோ, வேணாம் சார். கலைச்சீங்கன்னா பாராட்டு விழா வைப்பீங்க. அவங்க வேற கம்பெனியில போய் இதையே சாதனைன்னு எழுதிக்குவாங்க. வாரியம் இருக்கட்டும். அவங்க தகுதி பெறணும், அவ்வளவுதான். ஒரே ஒரு கேள்வி. நான் போடறேன். நீங்க முதலாளி, எனக்கு அதிகாரம் எழுதிக் கொடுங்க.”

“ரொம்பக் கஷ்டமான கேள்வியா?”

“பத்தாவது படிச்சவங்க தினம் போடறதுதான் சார். மலை பத்தாவதுகூட முடிக்கலை.”

இயக்குநர் கையெழுத்துப் போட்டார். அக்கா மதியத்துக்குள் பழைய நிரலை ஏற்றினார். சலூன்காரர் மருந்துப் பெட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

அடுத்த நாள் காலை எட்டு மணிக்குச் சுமை ஏற்றும் மேடையில் தேர்வு. நாற்பது பெட்டி, ஒரு வண்டி, நாற்பது வீடு. எந்த வீட்டுக்குப் பிறகு எந்த வீடு என்று பட்டியல் கையில். ஒவ்வொரு பெட்டியிலும் வீட்டு எண் எழுதியிருந்தது. வண்டிக்குக் கதவு பின்னால் ஒன்றே ஒன்று. பெட்டியோடு பெட்டி உரச ஏற்றினால்தான் நாற்பதும் கொள்ளும். ஏற்றிக்கொண்டு கூடவே போய், வாரியத்தார் தங்கள் கையாலேயே இறக்கிக் கொடுத்துவிட்டு வர வேண்டும். ஓட்டுவது ஹாரன்.

“நேர வரம்பு?” என்று கேட்டார் செயலாளர்.

“இல்லைங்க. சாவகாசமாச் செய்யுங்க.”

தலைவர் பட்டியலைப் பார்த்தார். சட்டைக் கையை மடித்துவிட்டு, கூடியிருந்த சுமைக்காரர்கள் பக்கம் திரும்பினார். “அடிப்படை தெரிஞ்சவனுக்குக் களம் ஒரு பொருட்டே இல்லை. கவனிங்க. முதல் வீட்டுப் பெட்டி முதல்ல ஏறும். ரெண்டாவது வீட்டுது ரெண்டாவதா. வரிசை! ஒழுங்கு! அவ்வளவுதான் ரகசியம்.”

முதல் வீட்டுப் பெட்டி உள்ளே போய் ஆழத்துச் சுவரை ஒட்டி உட்கார்ந்தது. அதன் மேலே, முன்னே, இரண்டு, மூன்று, நான்கு. மலை வாயைத் திறந்தார். அக்கா அவரைப் பார்த்தார். மலை வாயை மூடிக்கொண்டு முதுகைத் திருப்பி நின்றார். முதுகு மட்டும் குலுங்கியது.

ஐம்பது நிமிடத்தில் நாற்பதாம் வீட்டுப் பெட்டி கதவோரம் ஏறியது. வியர்வையில் தலைவரின் தாடி ஒட்டிக்கொண்டிருந்தது. “விடை?” என்றார் பெருமையாக.

“விடையை வாடிக்கையாளர் சொல்வாங்க சார். போயிட்டு வாங்க.”

ஹாரன் கதவைச் சாத்தி, அன்றைக்கென்று நீளமாக ஒரு ஹார்ன் அடித்துவிட்டுக் கிளம்பினார்.

ஒன்பதரைக்கு ஹாரன் கூப்பிட்டார். “அக்கா, முதல் வீடு. பெட்டி எல்லாத்துக்கும் அடியில கிடக்கு. நாப்பதையும் நடுத்தெருவுல இறக்கிட்டாங்க. வழியில வர்றவங்க விலை கேக்கறாங்க. நான் கை கொடுக்கட்டுமா?”

“நீ டீ குடி.”

அக்கா ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டார். முதல் வீட்டில் நாற்பது பெட்டியும் இறங்க வேண்டும், முப்பத்தொன்பது திரும்ப ஏற வேண்டும். இரண்டாவது வீட்டில் முப்பத்தொன்பது இறக்கம். இப்படியே போனால் நாற்பது வீட்டுக்கும் எண்ணூற்று இருபது தடவை இறக்குவது, எழுநூற்று எண்பது தடவை ஏற்றுவது. ஆனால் அவர்கள் படித்தவர்கள். திரும்ப ஏற்றும்போது முறையைத் திருப்பி, கடைசி வீட்டுப் பெட்டியை முதலில் ஏற்றிவிட்டால் மிச்சமெல்லாம் வீட்டுக்கு ஒரு பெட்டி இறக்குவதோடு முடிந்துவிடும். அந்த ஒரு கவலைதான் அக்காவை அரித்தது.

பதினொன்றரைக்குக் கைப்பேசி மறுபடி அடித்தது. தலைவரின் குரல், மூச்சு வாங்கிக்கொண்டு.

“மேடம்… ஒரு சின்னக் குறிப்பு மட்டும் கொடுங்க. வெயில் தாங்கலை. துணைத்தலைவர் படுத்துட்டார்.”

“எத்தனாவது வீட்டுல இருக்கீங்க?”

“ரெண்டாவது.”

“பெட்டி எங்க இருந்தது?”

“அதுவும் அடியிலதான் மேடம். ஏன்னே புரியலை.”

அக்கா நாற்காலியை மேசைக்கு நெருக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார். “முதல் வீட்டுல இறக்கினதைத் திரும்ப எப்படி ஏத்தினீங்க?”

“முறைப்படிதான் மேடம். வரிசை மாறவே இல்லை. ரெண்டு, மூணு, நாலு, அஞ்சுன்னு அப்படியே.”

“ரொம்ப அழகா இருக்கு சார்,” என்றார் பார்சல் அக்கா. “எதையும் மாத்தாதீங்க. அப்படியே பண்ணுங்க.”